விடை தெரிந்த வினாவும் வீணாகும் எலிகளும்

"எலிகளில் வெற்றி, இனி மனிதருக்கும்" என்னும் பாணியிலான மருத்துவச் செய்திகள் நம் பத்திரிகைகளின் உட்பக்கங்களுக்குப் புதியவையல்ல. செப்சிஸ் என்ற கொடிய நோயைச் சில துளிக் குருதியிலேயே கண்டுகொள்ளும் குறிகாட்டி ஒன்று ஆய்வுகூடச் சுண்டெலிகளில் கண்டறியப்பட்டுள்ளது என்பது அவற்றுள் அடிக்கடி தலைகாட்டும் ஒன்று. இத்தகைய செய்திகளைத் தமிழாக்கிப் பக்கங்களை நிரப்பும் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். கலைப்பட்டதாரியேயன்றி விஞ்ஞானம் பயின்றவனல்லன். ஆயினும், ஒரு செய்தியில் கேட்கப்படாமல் விடப்பட்ட கேள்வி எது என்பதைக் கண்டுகொள்ள விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை.

நோயின் பாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருமித் தொற்றொன்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிச் சென்று, சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலையே செப்சிஸ். 2016இல் வைத்திய உலகம் வகுத்த வரைவிலக்கணத்தின் சாரம் இதுதான். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4 கோடியே 89 இலட்சம் பேரை இது பீடித்தது என்றும், 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனோடு தொடர்புபட்டு மாண்டனர் என்றும் 2020இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உலகில் நிகழும் ஐந்து மரணங்களில் ஏறத்தாழ ஒன்று. இத்தகைய நோயைப் பற்றிப் பொய்யான நம்பிக்கையை விதைப்பது சிறிய பிழையன்று.

இனி, அந்தக் குறிகாட்டிகள் எவ்வாறு கண்டறியப்படுகின்றன என்று பார்ப்போம். ஒரு வழி, பற்றீரியாவின் சுவரிலுள்ள எண்டோரொக்சின் என்னும் நச்சைச் சுண்டெலிக்கு ஊசிமூலம் ஏற்றுவது. மற்றொன்று, வயிற்றைத் திறந்து, பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பை போன்ற பகுதியை நூலால் கட்டித் துளையிட்டு, மலம் வயிற்றறைக்குள் கசிய விடுவது. இன்னொரு தொகுதி எலிகளுக்கு வயிற்றைத் திறந்து மூடுவதோடு நிறுத்திக்கொள்வர். பின்னர் இரு தொகுதிகளின் குருதியையும் ஒப்பிடுவர். ஏதேனும் ஒரு புரதம் முதல் தொகுதியில் உயர்ந்து காணப்பட்டால், குறிகாட்டி பிறந்துவிட்டது என்று அறிக்கை வரும்.

என் ஆட்சேபம் இங்கேதான் தொடங்குகிறது. எந்த எலி நோயுற்றது, எந்த எலி நலமாயுள்ளது என்பது குருதியை எடுக்கும் முன்னரே ஆய்வாளருக்குத் தெரியும். நோயை உண்டாக்கியவரே அவர்தான். விடை தெரிந்த வினாவுக்கு விடை கண்டுபிடித்தமைக்காக எவருக்கும் புள்ளி வழங்கப்படுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் வைத்தியரின் கேள்வியோ முற்றிலும் வேறு. அவர் முன்னே கிடப்பவர் விபத்தில் நசுங்கியவராக, தீக்காயமடைந்தவராக, கணைய அழற்சியால் துடிப்பவராக இருக்கலாம். காய்ச்சலும் அழற்சியும் எல்லோரிடமும் உண்டு. இவர்களுள் யாருடைய உடலில் கிருமி புகுந்திருக்கிறது, யாருக்கு இக்கணமே நுண்ணுயிர்க்கொல்லி தேவை என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். இந்தக் கேள்வியை எலியிடம் கேட்காத ஆய்வு, இதற்கான விடையைத் தன்னிடம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, உயிரினங்களுக்கு இடையிலான வேற்றுமை. நம் வைத்தியசாலைகளில் அன்றாடம் அளக்கப்படும் சி.ஆர்.பி. என்னும் புரதம் தொற்றின்போது மனிதக் குருதியில் ஆயிரம் மடங்குவரை உயரக்கூடியது. நாயிலும் நன்கு உயரும். ஆனால் சுண்டெலியில் அது சிறிதளவே அசையும். அங்கே முதன்மை பெறுவன வேறு புரதங்கள். பூனையிலும் சி.ஆர்.பி. பயன்தராது. எண்டோரொக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 2 முதல் 4 நனோகிராம் ஏற்றினாலே மனிதனுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிடும். சுண்டெலியைக் கொல்வதற்கோ மில்லிகிராம் கணக்கில் வேண்டும். ஒரு மில்லிகிராம் என்பது பத்து இலட்சம் நனோகிராம்.

போதாக்குறைக்கு, ஒரு சுண்டெலியின் உடலிலுள்ள மொத்தக் குருதியே 2 மில்லிலீற்றர் அளவுதான். அதிற் பத்திலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் அதன் உயிருக்கே ஆபத்து. ஆகவே பல ஆய்வுகளில் ஒவ்வொரு நேரப்புள்ளியிலும் ஒரு தொகுதி எலிகளைக் கொன்றே குருதி எடுக்கிறார்கள். அந்த எலி பிழைத்திருக்குமா, மாண்டிருக்குமா என்பதை அதன்பின் எவர் அறிவார்?

இந்த அவசரத்துக்கு மனிதர் கொடுத்த விலையும் உண்டு. எண்டோரொக்சின் ஏற்றப்பட்ட விலங்கின் குருதியில் முதலில் பொங்கியெழும் பொருள்களில் ஒன்று ரி.என்.எஃப். அதனைத் தடுக்கும் எதிர்ப்பொருளை முன்கூட்டியே கொடுத்தபோது 1985இல் சுண்டெலிகளும் 1987இல் பபூன் குரங்குகளும் பிழைத்தன. குடலைத் துளையிட்டு நோயுண்டாக்கிய எலிகளில் இம்முறை பலிக்கவில்லை என்று 1992இலேயே ஓர் ஆய்வு எச்சரித்தது. எனினும் மனிதரிற் சோதனைகள் தொடர்ந்தன. ரி.என்.எஃப்பைக் கட்டிப்போடும் மருந்தொன்றைச் செப்சிஸ் அதிர்ச்சியில் வீழ்ந்த 141 பேரிற் சோதித்த முடிவு 1996இல் வெளிவந்தது. வெறும் போலிமருந்து பெற்றவர்களில் 30 வீதமானோர் இறந்திருந்தனர். மருந்தை மிகக் கூடிய அளவில் பெற்றவர்களில் இறந்தோர் 53 வீதம். குறிகாட்டி உயர்ந்தது என்பதற்காக அதனை வெட்டி வீழ்த்தப் புறப்பட்டதன் பலன் இது.

எதிர்த்தரப்பின் வாதத்தை மறைப்பது அறமன்று. எண்டோரொக்சினுக்கு அசையாத ஒருவகைச் சுண்டெலியை ஆராய்ந்தே அந்த நச்சை உடல் உணரும் வாயில் எது என்பதை 1998இல் புரூஸ் பொய்ட்லர் குழுவினர் கண்டனர். 2011இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. மனித அழற்சியைச் சுண்டெலியின் மரபணுக்கள் பிரதிபலிப்பதில்லை என 2013இல் ஓர் அமெரிக்கக் குழு எழுதியபோது, அதே தரவுகளை வேறுவிதமாக ஆராய்ந்த யப்பானிய ஆய்வாளர் இருவர் 2014இல் நேரெதிரான முடிவுக்கு வந்தனர். நோய் இயங்கும் வழியை அறிய எலி உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. நோயாளிக்கு நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்க எலியைச் சாட்சிக்கு அழைப்பதையே மறுக்கிறேன்.

வைத்தியர்களின் கையில் இன்றுள்ள குறிகாட்டிகள் எங்கிருந்து வந்தன? சி.ஆர்.பி. 1930இல் நியூயோர்க்கில் நியூமோனியா நோயாளரின் குருதியிலே கண்டறியப்பட்டது. புரோகல்சிற்றோனின் தொற்றின்போது உயர்வதை 1993இல் எடுத்துக்காட்டியது, பிரான்சில் வைத்தியசாலைக்கு வந்த சிறுவர்களின் குருதி. மறுபுறத்தில், 2020இல் வெளியான மீளாய்வொன்று செப்சிசுக்கென ஆராயப்பட்ட 258 குறிகாட்டிகளைக் கணக்கிட்டது. அவற்றுள் எத்தனையின் பெயரை உங்கள் வைத்தியர் அறிவார் என்று கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது என்னவென்பதும் தெரியாததல்ல. 2017இல் வியன்னாவில் கூடிய நிபுணர்கள் அடுத்த ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகளில், நோயுண்டாக்கிய எலிக்கும் நோயாளிக்குப் போலவே நுண்ணுயிர்க்கொல்லியும் திரவமும் நோவாற்றும் மருந்தும் வழங்குமாறு கேட்டனர். வலியால் துடிக்கும் விலங்கின் குருதியில் வலியின் சுவடும் கலந்திருக்கும் என்பதை உணர இரக்கம்கூட வேண்டியதில்லை. அமெரிக்க அரசின் தேசிய பொது மருத்துவ விஞ்ஞான நிறுவகம், செப்சிஸ் ஆய்வில் மனித நோயாளரின் மாதிரிகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக 2019இல் அறிவித்தது. விலங்குகளையே ஆராய வேண்டுமாயின் இயல்பாக நோயுற்று மிருக வைத்தியரிடம் வருபவை இருக்கின்றன. கருப்பையில் சீழ் கட்டிய நாய்களையும், கிருமியற்ற நீர் மட்டும் தேங்கிய நாய்களையும் சி.ஆர்.பி.யால் பிரித்தறிய முடியுமா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். வைத்தியரின் கேள்வி என்று நான் மேலே சொன்னது இதுதான். இங்கே ஒரு விலங்கையும் நோயாக்க வேண்டிய தேவை இல்லை. கிடைக்கும் விடை அந்த நாய்க்கே உதவும்.

என் சகபாடிகளான பத்திரிகையாளரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. அடுத்த தடவை இத்தகைய செய்தி மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த விலங்கு? கிருமித்தொற்று இல்லாமலே அழற்சியுற்ற விலங்குகளோடு ஒப்பிட்டார்களா? மனித நோயாளரில் ஒருமுறையேனும் சோதித்தார்களா? பின்னிரண்டுக்கும் "ஆம்" என்று விடை வராவிடின், "எலிகளில்" என்ற சொல்லைக் கடைசிப் பந்தியில் ஒளிக்காமல் தலைப்பிலே போடுங்கள். "விரைவில் மனிதருக்கும்" என்பதை வெட்டிவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிற் காத்திருக்கும் ஒரு தாயும் நம் பத்திரிகையை வாசிப்பாள்.