மணப்பந்தியிற் போலிப் புலால்

சைவ நன்மக்கள் இல்லத் திருமணப் பந்திகள் சிலவற்றில், இக்காலத்து, 'சைவ மீன்', 'சைவக் கோழி' என்னும் பெயரால் கறிகள் படைக்கப்படுகின்றன. சோயா மாவைப் புலாலின் வடிவும் மணமும் தோன்றச் சமைத்து, அதனையே பந்தியின் தலைமைக் கறியாக்கிப் பெருமை கொள்கின்றனர். இஃது அடாது.

"உயிர்க்கொலை இல்லையே, குற்றம் யாது?" என்பர். கொலை இன்மை மெய்யே. ஆயின், புலால் மறுத்தலாவது வாய் மறுத்தல் மட்டுமன்று, மனம் மறுத்தலுமாம். பொருளை நீக்கி அதன் நினைவைப் போற்றுதல், மலம் நீங்கியும் வாசனை விடாமை போல்வதாம். பந்தியிலிருக்கும் சிறார் அச்சுவையை விரும்பப் பழகின், நாளை மெய்ப்புலாலை மறுப்பது எங்ஙனம்?

"விருந்தினர்க்குப் புதுமை வேண்டுமே" எனின், இளையான்குடிமாற நாயனாரின் மனைவியார் புன்செய்க் கீரையையே வெவ்வேறு கறிகளாக ஆக்கிய வரலாற்றைப் பெரியபுராணத்துட் காண்க. வறுமையிலும் அவர்க்கு வகை குறைந்திலது; செல்வமுடைய நமக்கோ குறையும்? சேனைக்கிழங்கு மசியலும், எண்ணெய்க் கத்தரிக்காயும், பல காய் கூடிய அவியலும் தத்தம் பெயராலேயே தலைமை பெறத் தக்கன.

மணவீட்டார் சமையற்காரரிடம் கறிவகை கூறுமுன் இதனைச் சிந்திப்பாராக. சைவ உணவுக்குப் புலாலின் பெயர் அணியன்று, இழுக்கேயாம்.