பந்தயம் ஓட்டட்டும், ஆனால் ரோட்டில் வேண்டாம்

கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டியில் போன வாரம் பெரிய வாக்குவாதம். என் பேரன் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறான் என்ற சமாச்சாரம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. "பென்ஷன் பணம் அவ்வளவு கொழுத்துப் போச்சா சார்? நீங்களே கொண்டுபோய்ப் பிள்ளையைச் சாகக் கொடுப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டார். பெஞ்சில் இருந்த மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு வரும்.

கேட்டவரின் பேரன் ஞாயிறு காலையில் 390 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறான். "ஒரு மணி நேரத்துல போயிட்டான் சார்" என்று அதே பெஞ்சில் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். அது பந்தயம் இல்லாமல் வேறென்ன? எதிரே டேங்கர் லாரி வரும், குறுக்கே நாய் வரும், மீன்கூடையோடு அம்மாள் ரோட்டைக் கடப்பாள். அப்படிப்பட்ட பந்தயம். அதற்கு யாரும் தலையை ஆட்டவில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு கடன் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது எங்கள் செக்‌ஷனில் இருந்த ஒருவர், மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் போட்டார். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். "பையன் ஆசைப்படறான், வாங்கிக் கொடுங்க" என்று சொன்னதும் நான்தான். ஹெல்மெட் வாங்கினாரா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழாவது மாதம் காலாப்பட்டுக்கு அப்பால், கூட வந்த பையனை முந்தப் போய் அந்தப் பிள்ளை போய்விட்டான். கடன் மட்டும் போகவில்லை. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அந்தப் பிடித்தத்தை என் கையால் எழுதினேன். இன்னும் இருபத்தொன்பது தவணை இருந்தது.

அதனால் என் பேரன் வந்து "தாத்தா, ரேஸ் ஓட்டணும்" என்றபோது நான் "கூடாது" என்று சொல்லவில்லை. சொன்னால் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்பார்கள். எழுபதுகளில் சோழவரத்துக்குப் போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். யுத்த காலத்து விமான ஓடுதளம் அது. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டம் நிற்கும். வெளிநாட்டு வண்டிகளும் வரும், ஆனால் நம் ஊரில் ஓடுகிற ஜாவாவையும் யெஸ்டியையும் புல்லட்டையும் விளக்கு, மட்கார்டு எல்லாம் கழற்றிவிட்டு ஓட்டியவர்களும் இருந்தார்கள்.

இன்றைய கணக்கையும் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதிய கை, நோட்டு போட்டு வைத்திருக்கிறேன். ஹெல்மெட் 12,500. தோல் உடுப்பு, ஒருவர் போட்டது, 14,000. கையுறை 5,500. பூட்ஸ் 9,000. முதுகுக் கவசம் 4,000. ஆக உடம்புக்கு 45,000. பழைய 150 சிசி வண்டி 28,000. நல்ல டயர் இரண்டு 7,000. மொத்தம் 80,000. பயிற்சிப் பள்ளி, லைசென்ஸ், மருத்துவச் சான்று, போக்குவரத்து எல்லாம் சேர்த்து இன்னொரு முப்பதாயிரம். பெஞ்சு நண்பர் பேரனுக்கு வாங்கிக் கொடுத்த வண்டியின் விலையில் இது பாதிகூட இல்லை.

இதில் வரிசைதான் முக்கியம். பையன்கள் முதலில் சைலன்ஸரை மாற்றுவார்கள், எஞ்சினைக் குடைவார்கள். முதல் ரூபாய் உடம்புக்குப் போகவேண்டும். ஹெல்மெட்டைப் பழையதாக வாங்கவே கூடாது. ஒருமுறை கீழே விழுந்திருந்தால் உள்ளே நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. தோல் உடுப்பு பழையதாக இருக்கலாம், தையலைப் பிரித்துப் பார்த்து வாங்கவேண்டும். இரண்டாவது, டயரும் பிரேக் கட்டையும். மூன்றாவது, டிராக்கில் ஓட்டும் நேரம். எஞ்சின் வேலை கடைசி. முதல் வருஷம் அது தேவையே இல்லை.

வண்டி சின்னதாக இருக்கவேண்டும் என்பதும் சிக்கனத்துக்காக மட்டும் சொல்வதில்லை. பெரிய எஞ்சினில் வளைவில் செய்த தப்பை நேர்ச்சாலையில் முறுக்கி மறைத்துவிடலாம். 150 சிசியில் அது நடக்காது. வளைவில் வேகத்தை இழந்தால் இழந்ததுதான். அதனால் பிரேக்கை எங்கே விடுவது, கண்ணை எங்கே வைப்பது என்று கற்றுக்கொண்டே தீரவேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு எல்லாம் கழற்றி, எண்ணெய் போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டி, விளக்குக்கு டேப் ஒட்டினால் வண்டி தயார். கையில் அதுவும் இல்லாதவனுக்கும் வழி உண்டு. கம்பெனிகள் நடத்தும் ஒரே மாதிரி வண்டிப் பந்தயங்களில் தேர்வுச் சுற்று வைத்து, நேரம் பார்த்து எடுத்து, வண்டியை அவர்களே தருகிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சியின்போது பேரன் ஒரு வளைவில் விழுந்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெஞ்சு நின்றுவிட்டது. மண்ணில் சறுக்கிப் போய் எழுந்து நின்றான். அடுத்த நொடி மஞ்சள் கொடி, பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. உடுப்பில் ஒரு முழங்கை தேய்ந்தது. வண்டிக்கு லீவரும் ஃபுட்ரெஸ்ட்டும், 900 ரூபாய். அதே வேகத்தில் அதே விழுகை காலாப்பட்டில் என்றால் என்ன ஆகும் என்பதை நான் சம்பளப் பட்டியலில் எழுதியிருக்கிறேன்.

டிராக்கில் சாவே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்டில் அதே இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுப் பையன் ஒருவன் பந்தயத்தில் விழுந்து இறந்தான். அதைப் படித்துவிட்டு என் மருமகள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பயம் நியாயம். வயது, பயிற்சி, ஒரே நேரத்தில் எத்தனை வண்டி விடுவது என்பதிலெல்லாம் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் அந்தச் சாவைக் காட்டி டிராக்கை மூடச் சொல்பவர்கள், ஈ.சி.ஆர் சாவுகளைக் காட்டி என்ன செய்தார்கள்? நம்மூரில் ஹெல்மெட் உத்தரவு எத்தனை முறை வந்தது, எத்தனை முறை போனது என்று உங்களுக்கே தெரியும்.

மிச்சம் இருக்கும் நிஜமான தடை தூரமும் கட்டணமும். அங்கேதான் அரசாங்கம் வரவேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் பாரிஸ் உறவினர்கள் அனுப்பும் பத்திரிகைகளைப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. எழுபதுகளில் பாரிஸுக்குத் தெற்கே ரன்ஜிஸ் மொத்தச் சந்தைப் பக்கம், வெள்ளிக்கிழமை இரவானால் பையன்கள் பொதுச்சாலையில் பந்தயம் விடுவார்கள். சாவு விழுந்துகொண்டே இருந்தது. போலீஸ் துரத்தியும் பார்த்தது. கடைசியில் 1979-ல் நகருக்கு வடகிழக்கே இரண்டு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு டிராக் போட்டு, காசு வாங்காமல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் கரோல். ரன்ஜிஸில் உயிர்விட்ட ஓர் இளம்பெண்ணின் பெயர் அது.

நமக்கு இருங்காட்டுக்கோட்டையும் கோயம்புத்தூரும் இருக்கின்றன. புதிதாகக் கட்டச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு அரசாங்கம் வாடகை கொடுத்து, ஹெல்மெட்டும் உடுப்பும் போட்டு வருகிறவனை இலவசமாக விடட்டும். ஒரு விபத்து நஷ்டஈட்டுக்கு ஆகும் பணம் அதற்கு ஆகாது.

அதுவரை நம் ஏற்பாடு நம்முடையது. அடுத்த பயிற்சிக்கு மூன்று பையன்கள் சேர்ந்து டாட்டா ஏஸ் பேசியிருக்கிறார்கள். இன்னும் ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது. சார், உங்கள் பேரனையும் அனுப்புங்கள். நீங்களும் வாருங்கள், நான் காபி வாங்கித் தருகிறேன். வாடகையில் நாலில் ஒரு பங்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.