கொச்சை அல்ல, அவள் வீட்டுத் தமிழ்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளி. மூன்றாம் வகுப்பு. ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்றார். ஒரு சிறுமி துள்ளி எழுந்து, வீட்டில் சொல்லும் சொல்லைச் சொன்னாள். "ஒழுங்கா தமிழ்ல சொல்லு" என்றார் ஆசிரியர். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து, தூக்கியிருந்த மற்ற கைகளும் இறங்கின. அன்று கடைசிவரை அவள் வாய் திறக்கவில்லை.

அவள் பேசியதும் தமிழ்தான், மலையாளிப் பழங்குடியினரின் தமிழ். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. வேறு மொழி பேசும் குழந்தைக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. ஒடிசாவில் சந்தாளி, சவுரா, குயி மொழிகளில் தொடக்க வகுப்புப் பாடநூல்களே வந்தன. நம் மலைக் குழந்தையின் பதிவேட்டிலோ "தாய்மொழி: தமிழ்" என்று இருக்கிறது. அதனால் அவள் புத்தகத் தமிழில் தடுமாறினால் அது மொழி இடைவெளியாகத் தெரிவதில்லை. "மந்தம்" என்று முத்திரை விழுகிறது.

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்கும் இதுதான் நடந்தது. அவர்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தைக் கணக்கில் எடுத்துத்தான் வாசிப்பு கற்பிக்க வேண்டும் என்று 1979-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கும் இந்த அவமானம் புதிதல்ல. சேரிப் பேச்சைக் கொச்சை என்றார்கள். 1992-ல் பாமா அந்தப் பேச்சிலேயே 'கருக்கு' எழுதினார்.

"அப்படியென்றால் பொதுத் தமிழ் வேண்டாமா?" என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். தேர்வும் வேலையும், கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் வீட்டுச் சொல்லை அடித்துத் துரத்திவிட்டு அதைக் கற்றுத்தர முடியாது. பலகையில் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் குழந்தைகளின் பேச்சிலேயே எழுதி வாசிக்க வையுங்கள். மலையிலேயே படித்து வந்தவர்களை ஆசிரியராக்குங்கள். 8 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் புரிந்து படிக்க வேண்டும் என்று 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. 'எல்லா' என்பதில் இவர்களும் உண்டென்றால், இது ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற வேண்டும்.

தோழர்களே, மாலை வகுப்பு எடுக்க நீங்களும் மலைக்குப் போவீர்கள். முதல் நாளே திருத்தத் தொடங்காதீர்கள். குழந்தை சொல்லி முடிக்கட்டும். அந்தச் சொல்லை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அவள் பார்க்கும்படி.