ஆடையைச் சந்தையில் விற்கலாமா?

  

இதை எழுத வேண்டுமா, வேண்டாமா என்று பல இரவுகள் யோசித்தேன். நம் பத்திரிகை வீட்டுக்குள் போகிறது. தாய்மார்கள் படிக்கிறார்கள், வயதுக்கு வந்த பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு வெட்கத்தைத் தடையாக வைக்காத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள் (முஸ்லிம்). கேட்கப்பட்ட கேள்விக்கு ஆலிம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், பதிலை ஷைத்தான் சொல்லிவிடுவான். ஆகவே எழுதுகிறேன்.

பள்ளிக்கரணையில் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு தம்பி தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அடையாளம் தெரியக்கூடிய எதையும் இங்கே எழுத மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நம் பகுதியைப் புரட்டிப் போட்டதே, அப்போது அவனுடைய சின்னக் கடையின் சரக்கு முழுவதும் தண்ணீரில் போனது. கடையை மறுபடி திறக்கக் கைபேசியில் வரும் கடன் செயலியில் வாங்கினான். அதை அடைக்க இன்னொன்று. அதை அடைக்கத் தெருவில் வாரவட்டி. கடைசியில் எவனோ ஒருவன் டெலிகிராமில் வழி காட்டியிருக்கிறான்: கணவனும் மனைவியும் காமிராவுக்கு முன்னால் இருந்தால் போதும், வெளிநாட்டுக்காரன் பார்ப்பான், முகமூடி போட்டுக்கொள்ளலாம், மாதம் இவ்வளவு கைக்கு வரும் என்று.

அவன் என்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன். "ஹஜ்ரத், நிக்காஹ் செஞ்ச பொண்டாட்டிதானே? வேற யாரையும் தொடலையே. இதுல ஹராம் எங்க வருது?"

நான் கோபப்பட்டேன். ஹராம், ஹராம் என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "வட்டியும் ஹராம்தான் ஹஜ்ரத். அதை வாங்கினப்ப யாரும் என்னைக் கேக்கலையே."

என்னிடம் பதில் இல்லை. வெள்ளத்தின்போது அரிசியும் பிரெட்டும் பாயும் போர்வையும் கொண்டு போய்க் கொடுத்தோம். படம் எடுத்துப் போட்டோம். தண்ணீர் வடிந்தவுடன் நாமும் வடிந்துவிட்டோம்!

இளைஞனே, இது ஏதோ ஒருவனுடைய பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துவிடாதே. 2025 ஜூன் மாதம் ஹைதராபாத் அம்பர்பேட்டையில் ஒரு கணவனும் மனைவியும் கைது செய்யப்பட்ட செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. தங்கள் அந்தரங்கத்தைச் செயலி வழியாக நேரலையில் காட்டிக் காசு வாங்கினார்கள் என்பது வழக்கு. நேரலைக்கு 2,000 ரூபாய், பதிவு செய்த படத்துக்கு 500 ரூபாய் என்று வசூலித்ததாகக் காவல்துறை கூறியது. அவர்கள் யார்? மாளிகைவாசிகளா? அந்தக் கணவன் ஆட்டோ ஓட்டுநர். உடம்பு முடியாதவர். கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டவும் மருந்து வாங்கவும் வழியில்லாமல் இதில் இறங்கியதாகத்தான் செய்தி வந்தது. முகமூடியும் போட்டிருந்தார்கள். அந்த முகமூடி எதைக் காப்பாற்றியது?

மகளின் படிப்புக்காக என்று செய்தார்கள். அந்த மகள் மறுநாள் எந்த முகத்தோடு கல்லூரிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அதே 2025 மார்ச்சில் தலைநகர் டில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் இன்னொரு சம்பவம். அங்கேயும் ஒரு தம்பதிதான். ஆனால் இவர்கள் முதலாளிகள். வீட்டிலேயே கூடம் அமைத்து, மாடலிங் வேலை என்று விளம்பரம் செய்து பெண்களை வரவழைத்து, சைப்ரஸ் நாட்டு நிறுவனத்தின் ஆபாசத் தளங்களுக்குக் காமிரா நிகழ்ச்சி ஒளிபரப்பியதாக அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. விளம்பரம், சந்தை ஆய்வு என்று பொய்க் கணக்குக் காட்டி 15 கோடி ரூபாய்க்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறதாம். அந்தப் பணத்தில் முக்கால் பங்கை முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள், உடம்பைக் காட்டிய பெண்களுக்குக் கால் பங்குதான் என்று அமலாக்கத்துறை கூறியது. வியாபாரிகளே, உங்களுக்கு லாபக் கணக்கு தெரியும். மானம் முழுவதும் ஒருத்தியுடையது. பணத்தில் முக்கால் பங்கு இன்னொருவனுடையது. உலகத்தில் எந்த மண்டியிலாவது இப்படி ஒரு கமிஷன் உண்டா?

சென்னைக்கும் இது புதிதல்ல. 2001 டிசம்பரில் எலும்பு மருத்துவர் பிரகாஷ் கைது செய்யப்பட்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படம் எடுத்தது இங்கே, இணையத்தில் ஏற்றியது வெளிநாட்டில். 2008-ல் விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அன்றைக்கு அதற்குப் பண்ணை வீடும் பெரிய காமிராவும் வேண்டியிருந்தது. இன்றைக்கு எட்டாயிரம் ரூபாய்க் கைபேசியும் வாடகைப் போர்ஷனில் ஒரு தாழ்ப்பாளும் போதும்.

சம்மதத்தோடுதானே செய்கிறோம் என்பவனுக்குச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, பாலுறவுக் காட்சியை மின்னணு முறையில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறை என்றால் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை என்றால் 7 ஆண்டு வரை. காட்டியவர்கள் கணவன் மனைவியா, ஊரான் வீட்டுப் பெண்ணா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹைதராபாத்தில் கம்பி எண்ணப் போனது காட்டிய தம்பதி. காசு கட்டிப் பார்த்த அத்தனை பேரும் எங்கே? அவரவர் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பார்கள்!

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மனைவிதானே, ஹராம் எங்கே வருகிறது?

கணவன் மனைவிக்கு ஆடை, மனைவி கணவனுக்கு ஆடை என்று அல்லாஹ் உவமை சொல்கிறான் (2:187). ஆடையின் வேலை என்ன? மறைப்பது. மறைக்க வேண்டியவனே பிரித்துக் காட்டினால் அவன் ஆடையா? இல்லறத்தில் நடந்ததை வெளியே போய் வாயால் சொல்பவனையே மறுமையில் மிகக் கெட்ட நிலையில் இருப்பவர்களோடு சேர்த்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). வாயால் சொன்னவனுக்கே அந்த நிலை என்றால், காட்டியவனுக்கு? தன் பாவத்தைத் தானே பகிரங்கப்படுத்துகிறவனைத் தவிர என் சமுதாயத்தார் மன்னிக்கப்படுவார்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழியும் உனக்குத் தெரியும் (புகாரி, முஸ்லிம்). நிக்காஹ் என்பது நாலு சுவருக்குள் நுழைய அனுமதி. சுவரை இடிக்க அனுமதி அல்ல. அந்த வருமானமும் அப்படியே. விபச்சாரத்தின் கூலியை நபியவர்கள் தடுத்தார்கள். கூலி கொடுப்பவன் தொட்டால் என்ன, தொலைவிலிருந்து பார்த்தால் என்ன?

இதில் இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஆண்களுக்கு மட்டும் ஹஜ்ரத். கேள்வி கேட்க வந்தவன் கணவன். மனைவி வரவில்லை. "அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "நான் சொன்னா கேப்பா" என்றான். அல்லாஹு அக்பர்! வருமானத்துக்காகத் தன் கைக்குக் கீழே உள்ள பெண்களைத் தீமைக்கு நிர்ப்பந்திக்காதீர்கள் என்று தடுத்த இறைவன், நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்ணுக்குத் தன் மன்னிப்பும் கருணையும் உண்டு என்பதையும் அதே வசனத்தில் சேர்த்துச் சொல்கிறான் (24:33). ஆகவே தம்பி, "இரண்டு பேரும் சேர்ந்து" என்று சொல்கிறாயே, அந்தச் சொல்லை முதலில் சோதித்துப் பார். கடன் உன் பெயரில், கைபேசி உன் கையில், தொழுகைக்குப் பின் ஆலோசனை கேட்க வந்தவனும் நீ. அவளிடம் யார் கேட்டது?

முகமூடியை நம்பாதே. குரல் இருக்கிறது, மச்சம் இருக்கிறது, சுவரில் மாட்டிய காலண்டர் இருக்கிறது. நேரலை முடிந்தவுடன் அழிந்துவிடும் என்பது சுத்தப் பொய். பார்க்கிறவன் தன் கருவியில் பதிவு செய்கிறான், வேறு தளத்தில் விற்கிறான், பிறகு உன்னையே மிரட்டுகிறான். 2025 ஜூலையில் நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞர் போனார். பழகிய ஒருவன் அவருக்குத் தெரியாமல் எடுத்த படங்கள் இணையத்தில் பரவின. 48 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படியும் நீக்க நீக்க வேறு தளங்களில் முளைத்தன. எந்தத் தவறும் செய்யாத, சட்டம் படித்த, நீதிமன்றமே பக்கபலமாக நின்ற ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி என்றால், தானே காட்டிவிட்டு மறைந்து வாழலாம் என்று நினைப்பவன் யாரிடம் போய் முறையிடுவான்? (ஏற்கெனவே இப்படி மிரட்டலில் மாட்டிக்கொண்டவர்கள் பணம் கட்டிக்கொண்டே போகாதீர்கள். கட்டக் கட்ட கேட்பான். 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் எங்களை அழையுங்கள், துணைக்கு வருகிறோம்.)

இளைஞனே, இப்போது உன் பக்கம் திரும்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. இந்தச் சந்தையில் சரக்கு எடுத்துவருகிறவனைப் பற்றி இவ்வளவு பேசினோம். வாங்குகிறவன் யார்? பர்தாவைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். ஆனால் பார்வையைத் தாழ்த்தும்படி குர்ஆன் முதலில் ஆண்களிடம்தான் சொல்கிறது (24:30), பெண்களிடம் அதற்கு அடுத்த வசனத்தில்தான். போர்வைக்குள் நீ பார்க்கும் அந்தப் பெண்ணுக்கும் வாரவட்டிக்காரன் இருக்கலாம். அவளுக்கும் மகள் இருக்கலாம். காசு கட்டாமல் இலவசமாகத்தான் பார்க்கிறேன் என்கிறாயா? கூட்டம் கூடினால்தான் கடைக்கு மதிப்பு என்பது உன் வாப்பாவுக்குத் தெரியும், கேட்டுப் பார்.

கைபேசிக் கடை வைத்திருக்கும் சகோதரர்களே! பழுது பார்க்க வரும் கைபேசி அமானிதம். அதற்குள் இருக்கும் குடும்பப் படங்களை ஒரு பையன் திறந்து பார்த்தான் என்றால் அந்தப் பாவம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேரும். வேலையாட்களுக்கு இதை வாயால் சொல்லுங்கள். சுவரில் எழுதி ஒட்டினால் போதாது.

இதைப் படித்துவிட்டு யாராவது நாலு பேர் பள்ளிக்கரணையிலும் மேடவாக்கத்திலும் கதவு தட்டிச் சோதிக்கக் கிளம்பினால், அவர்கள் என் எழுத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (49:12). ஒரு பெண்ணின் கற்பின்மீது பழி சொல்லி நான்கு சாட்சிகள் கொண்டுவராதவனுக்கு எண்பது கசையடி என்கிறது குர்ஆன் (24:4). ஊர்நீக்கம், ஜமாஅத் பதிவேட்டில் பெயர் வெட்டு என்ற பேச்சே வேண்டாம். நமக்கு வேறு வேலை இருக்கிறது.

குகையில் மாட்டிக்கொண்ட மூவர் பற்றிய ஹதீஸை ஜும்ஆவில் பலமுறை கேட்டிருப்பீர்கள் (புகாரி). அதில் ஒருவன் தன் சிற்றப்பன் மகளை விரும்பினான். அவள் இணங்கவில்லை. பிறகு பஞ்சம் வந்தது. அவளே அவனிடம் வந்தாள், 120 தீனாருக்கு. கடைசி நேரத்தில் அவள் அல்லாஹ்வை நினைவூட்ட, அவன் எழுந்துவிட்டான். நாம் எல்லோரும் அவன் எழுந்ததைத்தான் பயான் செய்கிறோம். இரண்டு இடங்களை விட்டுவிடுகிறோம். ஒன்று, அவளை அங்கே கொண்டுவந்தது ஆசை அல்ல, பஞ்சம். இரண்டு, அவன் எழுந்து போகும்போது அந்தத் தங்கத்தை அவளிடமே விட்டுவிட்டுப் போனான். உபதேசம் மட்டும் செய்துவிட்டுத் தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை!

இன்னொரு ஹதீஸ். இரவில் ஒருவர் இரகசியமாகத் தர்மம் கொடுக்க, அது ஒரு விபச்சாரியின் கையில் போய்ச் சேர்ந்தது. ஊர் சிரித்தது. ஆனால் அவருக்குச் சொல்லப்பட்ட சேதி, அந்தத் தர்மத்தால் அவள் அத்தொழிலை விட்டுவிடக்கூடும் என்பதே (புகாரி).

வணிகப் பெருமக்களே, ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் உண்டு என்பது (9:60) உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ரமளானில் எத்தனை சேலைகள், எத்தனை லுங்கிகள் கொடுக்கிறோம், ஒரு முழுக் கடனை அடைத்து ஒரு குடும்பத்தை நிமிர்த்தினோமா? சில்லறையாகச் சிதறுவதால் ஏழை அடுத்த ஆண்டும் அதே வரிசையில் நிற்கிறான். நமக்கு வரிசை நீளமாக இருந்தால்தான் திருப்தி போலிருக்கிறது. இந்த வட்டாரத்தில் நாலு தெரு சேர்ந்தால் ஒரு பைத்துல்மால் நடத்த முடியும். நாலு பேருக்கு முன்னால் மனு வாசிக்கச் சொல்லாமல், மானத்தோடு வந்து கேட்க ஓர் ஆளும், பெண்கள் வந்து பேச ஒரு பெண்ணும் வேண்டும். வட்டியில்லாக் கடன் திரும்பி வராது என்று பயப்படுகிறவர்கள், கடைக்குக் கொடுத்த சரக்கில் எவ்வளவு வாராக்கடன் என்று தங்கள் பேரேட்டையே பார்க்கட்டும். நம் பக்கத்துச் சதுப்பு நிலத்தை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், எங்கிருந்தோ பறந்து வரும் பறவைகளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று. நல்ல காரியம். அதன் கரையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் மனிதனுக்கு?

அந்தத் தம்பியை அன்று இரவு வெறுங்கையோடு அனுப்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மூன்று சகோதரர்கள் பெயர் சொல்லாமல் கொடுத்தார்கள். வாரவட்டிக்காரனை நேரில் அழைத்துப் பேசி, 2025-ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தையும் நினைவூட்டி, அசலோடு முடித்தோம். செயலிக் கடன் இரண்டு இன்னும் பாக்கி இருக்கிறது. அவன் மனைவியிடம் என் வீட்டில் போய்ப் பேசினார்கள். அவர் கேட்டது பணம் அல்ல, ஒரு தையல் இயந்திரம். அது இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை. கொடுக்க விரும்புகிறவர் என்னைத் தொடர்பு கொள்ளலாம். யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.