மலையேறும் சரக்கு வண்டியும் பெரிய கூலரும்



அரிசி, பருப்பு, ஜி.எஸ்.டி. என்று பேசும் பக்கத்தில் எஞ்சினைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். மேட்டுப்பாளையத்தில் ஏற்றிய மளிகை குன்னூர் போய்ச் சேராமல் கொண்டை ஊசி வளைவில் ஆவி விட்டு நின்றால் அந்த நடையின் லாபம் போச்சு. எஞ்சின் ஹெட்டும் வளைந்துவிட்டால் அந்த மாத லாபமே போச்சு. ஆகவே இதுவும் வியாபார விஷயம்தான்.

1986-இல் டாடா 407 வந்த காலத்து எஞ்சின்கள் தாமே காற்றை இழுத்து ஓடியவை. இன்று வாங்கும் டீசல் பிக்கப், மினி லாரி அநேகமாக எல்லாவற்றிலும் டர்போ இருக்கிறது. புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ. அதே வேலையை எஞ்சின் பெல்ட்டில் ஓடிச் செய்வது கார்களில் வரும் சூப்பர்சார்ஜர். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சுடுவதுபோல, அழுத்திய காற்று 100 டிகிரிக்கு மேலும் சூடாகும். அந்தக் காற்றைத் தணிப்பது இன்டர்கூலர். எஞ்சினைத் தணிப்பது ரேடியேட்டர். எஞ்சின் கொதிக்கிறது என்று இன்டர்கூலரை மாற்றுவதும், இழுவை குறைந்தது என்று ரேடியேட்டரை மாற்றுவதும் காய்ச்சலுக்குக் காலில் கட்டுப் போடுவது போல.

"பெரிய கூலர் போட்டால் தீரும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னவுடன் பணத்தை எடுத்து வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்காமல் அழுத்திப் பிடித்திருப்பது அந்தச் சின்ன மூடிதான். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் உதவாது.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர்வெல் உப்புநீர், வெந்நீர் அண்டாவில் படிவதுபோலவே ரேடியேட்டர் குழாயிலும் படியும். சிறுவாணி நீர் குடிக்க அமிர்தம். ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். கம்பெனி சொன்ன கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். முன்பக்கக் கிரில்லில் கடைப் பெயர்ப்பலகை, ஆயுதபூஜை மாலை என்று கட்டிக் காற்றை அடைத்துவிட்டு, பிறகு கம்பெனியைத் திட்டுவோரும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்து, அளவான பாரத்திலும் முள் ஏறினால் கூலரை மாற்றலாம். பல வண்டிகளில் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். அதைத் தடிமனாகப் போட்டால் பின்னால் இருப்பதற்குக் காற்று போகாது. ஒன்று குளிர மற்றது கொதிக்கும். எனவே தடிமனைவிட அகலத்தைப் பாருங்கள். அளவுக்கு மீறிப் பெரிதானால் டர்போ காற்று நிரம்பத் தாமதமாகி, வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் இழுவை கிடைக்காது. பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்து ஓட்டலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியம் எடை குறைவு. ஆனால் அந்த டேங்க் விரிந்தால் பற்றவைப்பதற்கில்லை.

மாட்டும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். விசிறியைச் சுற்றிய கூண்டைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டாமல் விடுவது சகஜம். அது இல்லாவிட்டால் விசிறி காற்றைச் சரியாக இழுக்காது. குழாய்க்குள் டர்போ ஆயில் இருந்தால் கழுவி, ஆயில் வரும் காரணத்தையும் பார்த்த பிறகே புதியதை இணைக்க வேண்டும். கூலண்ட் ஊற்றியதும் காற்றுக் குமிழி முழுவதும் வெளியேற வேண்டும். முதல் ஓட்டம் பாரமின்றிக் கல்லாறு வரை போதும். 2020-இல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் டர்போ அழுத்தத்தைக் கூட்டித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். வாரண்டியும் போகும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுச் சிக்கலும் வரலாம்.

எடைச்சீட்டையும் பாருங்கள். அளவுக்கு மேல் பத்து மூட்டை ஏற்றச் சொல்வது டிரைவர் அல்ல, முதலாளிதான். முள் ஏறினால் ஓரங்கட்டி நிறுத்தலாம், தாமதத்துக்குத் திட்டமாட்டேன் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். முகமும் கையும் வெந்துவிடும்.