சூரியனை கையில கொடுத்தவங்க கையில காசு இல்லே!

கன்னியாகுமரி கடற்கரை போட்டோகிராபர்கள் நிலைமை என்ன?

கன்னியாகுமரி: விடியற்காலை 5 மணிக்கே கன்னியாகுமரி கடற்கரை களை கட்டிவிடுகிறது. லாட்ஜ்களில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடிக்கிறார்கள். ஒருபக்கம் டீ, காபி வியாபாரம். இன்னொரு பக்கம் சங்கு, பாசி மாலை, வண்ண மணல் பாக்கெட். கிழக்கே வானம் சிவக்க ஆரம்பித்ததும் எல்லா கையும் மேலே போகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன்!

இந்த கூட்டத்துக்கு நடுவே கழுத்தில் கேமராவும் கையில் ஆல்பமுமாக சிலர் அலைகிறார்கள். "அண்ணாச்சி, சூரியனை கையில பிடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். வடநாட்டுக்காரர் என்றால் "போட்டோ, சாப்?" என்கிறார்கள். பெரும்பாலானவர்கள் செல்போனை தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள்.

36 படம் காலம்

ஒரு ரோல் வாங்கினால் 36 படம் என்று இருந்த காலத்தில் இவர்கள் ராஜா. கேமரா வைத்திருப்பவர் ஊருக்கு நாலு பேர். சுற்றுலா வந்த குடும்பம் கடற்கரையில் நின்று ஒரு போட்டோ எடுத்து, விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு போகும். படம் தபாலில் வரும். சில சமயம் வராமலும் போகும்! ரோலில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று யாரிடம் போய் சண்டை போடுவது?

2000 ஜனவரி 1-ந்தேதி 133 அடி உயர திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட பிறகு தொழில் இன்னும் சூடுபிடித்தது. வள்ளுவர் தலையை விரலால் தொடுவது போல, விவேகானந்தர் பாறையை உள்ளங்கையில் ஏந்துவது போல விதவிதமான போஸ்கள் வந்தன. டிஜிட்டல் கேமரா வந்ததும் சின்ன பிரிண்டரை வைத்து கையோடு படம் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம் வந்தது கேமரா செல்போன். 2012-ல் கோடாக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. உலகத்துக்கே பிலிம் விற்ற கம்பெனிக்கு அந்த கதி என்றால் கடற்கரையில் நிற்பவர் எம்மாத்திரம்?

செல்போனை திட்டி பிரயோஜனம் இல்லை. ஒரு போட்டோவுக்கு காசு கொடுக்க யோசித்த கூலித் தொழிலாளி இன்று தன் பிள்ளையை நூறு படம் எடுத்து ரசிக்கிறார். அது நல்ல விஷயம்தான். ஆனால் கேமராவோடு சேர்ந்து வேறொன்றும் கடற்கரையை விட்டு போகிறது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பின்னாலே போ!"

சூரியனை கையில் பிடிக்கும் அந்த போட்டோவில் ஒரு கணக்கு இருக்கிறது. சூரியன் உள்ளங்கை அகலத்துக்கு தெரிய வேண்டும் என்றால், கேமராவுக்கும் ஆளுக்கும் நடுவே சுமார் 30 அடி இடைவெளி வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்தால் கை பெரிசாகவும் சூரியன் பொட்டு மாதிரியும் விழும்.

கடற்கரை போட்டோகிராபர் என்ன செய்வார்? உங்களை பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டு அவர்தான் 30 அடி பின்னால் போவார். மண்ணில் படுத்துக்கூட எடுப்பார். எந்த பாறையில் பாசி வழுக்கும், அலை எதுவரை ஏறும் என்பது அவருக்கு அத்துப்படி. வாடிக்கையாளர் விழுந்தால் அவர் பிழைப்பு போச்சு!

செல்போன் ஆசாமி செய்வது தலைகீழ். தான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்சம் பின்னாலே போ, இன்னும் கொஞ்சம்" என்கிறார். பின்னால் இருப்பது கடல். போஸ் கொடுப்பவர் பார்வை கேமராவில் இருக்கிறது, முதுகு அலையை பார்த்து இருக்கிறது. தானே செல்பி எடுப்பவர் கதை இன்னும் மோசம். அவருக்கு சொல்லக்கூட ஆள் இல்லை.

2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை வெளிவந்த செய்திகளை டாக்டர்கள் சிலர் திரட்டி 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உலகம் முழுக்க செல்பி எடுக்கும்போது 259 பேர் இறந்தது அதில் தெரியவந்தது. அதிக சாவு நம் இந்தியாவில். காரணங்களில் முதலிடம் தண்ணீரில் மூழ்குவது என்பது குறிப்பிடத்தக்கது.

காற்றே இல்லாமல் வரும் அலை

குமரி கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. எங்கோ தெற்கு இந்திய பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து திடீரென கரையேறும். கள்ளன் மாதிரி வருவதால் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6-ந்தேதி இந்த எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான் கணபதிபுரம் அருகே லெமூர் பீச்சில் கடலில் இறங்கிய பயிற்சி டாக்டர்கள் 5 பேர் பலியானார்கள். அவர்கள் போட்டோவுக்காக இறங்கியதாக சொல்ல முடியாது. ஆனால் படித்தவர்களையே ஏமாற்றும் கடல் இது. வெளியூரில் இருந்து முதல் தடவை வரும் குடும்பத்துக்கு என்ன தெரியும்?

2004 சுனாமியில் குளச்சல், மணக்குடி பட்ட பாட்டை பார்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். கடல் நிறம் மாறினால் இவர்களுக்கு தெரியும். எச்சரிக்கை போர்டை படிக்காமல் போகிறவர்கள்கூட, "அங்கே நிக்காதீங்க அக்கா, வழுக்கும்" என்று ஒருவர் சொன்னால் நிற்பார்கள்.

ஒரு விசில், ஒரு சட்டை

போட்டோகிராபர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. விடாமல் துரத்துவது, எடுத்த பிறகு ரேட்டை ஏற்றுவது என்று புகார்கள் சுற்றுலா தலங்களில் வழக்கமாக வருவதுதான். அதற்கும் சேர்த்துத்தான் முறைப்படுத்த வேண்டும் என்பது. கட்டணத்தை எழுதிய அடையாள அட்டை, தூரத்தில் இருந்தே தெரிகிற கலர் சட்டை, ஒரு விசில், முதலுதவி பயிற்சி ஆகியவற்றை சுற்றுலாத்துறையும் கடலோர பாதுகாப்பு போலீசும் சேர்ந்து கொடுத்தால், கரையில் தினமும் நிற்கிற இவர்களே காவலாளியாகவும் இருப்பார்கள். மாதம் ஒரு சின்ன தொகை கொடுத்தால் தொழிலை விட்டு ஓடவும் மாட்டார்கள்.

2024 டிசம்பர் 30-ந்தேதி ரூ.37 கோடியில் 77 மீட்டர் நீள கண்ணாடி பாலம் திறந்த ஊர் இது. பாலத்தை பார்க்க வரும் கூட்டம் அப்படியே கடற்கரைக்கும்தான் வரும். காசு இல்லை என்று சொல்ல முடியாது.

அதுவரை செல்போனில் எடுப்பவர்கள் ஒன்று செய்யலாம். ஆளை கரைப்பக்கம், நல்ல தரையில் நிறுத்திவிட்டு, எடுப்பவர் பின்னால் போங்கள். கால் வைக்கும் இடத்தை முதலில் பாருங்கள். அப்புறம் ஜூம் பண்ணுங்கள். திரையில் சூரியன் மேல் விரலை வைத்து வெளிச்சத்தை குறைத்தால் வெள்ளையாக விழாமல் ஆரஞ்சு உருண்டையாக விழும். உதித்து முதல் பத்து நிமிடம்தான் அந்த நிறம் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உதயம் காலை ஆறரை மணியை ஒட்டி. ஐயப்ப சீசன் கூட்டம் என்பதால் அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுவது நல்லது. மாலை கடலுக்குள் சூரியன் இறங்குவதை பார்க்க வேண்டும் என்றால் ஐப்பசி முதல் மாசி வரைதான் சரியான காலம். மற்ற மாதங்களில் சூரியன் கரைப்பக்கம் போய் மறைந்துவிடும்.