ஊர் ஊழியருக்கு ஊரில் ஜாகை

விடியுமுன் வீதியைக் கூட்டுகிறவர், குழாய்க்குத் தண்ணீர் திறந்து விடுகிறவர், பிறப்பையும் இறப்பையும் பதிவேட்டில் எழுதுகிறவர், குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கிறவர் ஆகிய இவர்களின்றி ஓர் ஊர் ஒரு நாளும் நடவாது. ஆயினும் இவர்கள் அவ்வூரில் குடியிருக்க வகையின்றி, குடிக்கூலி குறைந்த இடத்தைத் தேடி ஆண்டுதோறும் மேலும் மேலும் விலகிச் செல்லவேண்டியிருக்குமாயின், அதை நன்கு ஆளப்படும் ஊர் என்று எங்ஙனம் கூறுவது? சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் உள்ள பீர்க்கன்கரணையையும் அதன் அண்டை ஊர்களையும் நோக்கும்போது இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகிறது.

பீர்க்கன்கரணை நெடுங்காலம் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராயிருந்தது, பின்னர் பேரூராட்சியாயிற்று. 2021-ம் வருஷம் நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி தோன்றியபோது, இதுவும் பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை முதலிய ஊர்களுடன் அதில் கலந்துவிட்டது. 1931-ம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல், நகரத்தில் வேலையும் புறநகரில் வீடுமாக வாழும் ஜனங்கள் இத்திசையில் பெருகி வந்துள்ளனர். 2023-ம் வருஷக் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறக்கப்பட்டபின் இச்சாலையோரத்து மனைகளின் மேல் மேலும் பலருடைய கண் விழுந்திருக்கிறது. ஊர் வளர்வதில் நமக்கு வருத்தமில்லை. வளர்ந்த ஊரில் அதன் ஊழியனுக்கே இடமில்லாமற் போவதுதான் நாம் வருந்தும் விஷயம்.

சிப்பந்திகளுக்கு வீடு கட்டித் தருவது இப்பகுதிக்குப் புதிய சங்கதியன்று. தாம்பரத்தில் ரயில்வேக்காரர்களுக்கு ரயில்வே காலனி உண்டு. விமானப் படையினருக்கு அவர்களுடைய நிலையத்திலேயே குடியிருப்பு உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ம் வருஷத்தில் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது, வகுப்பறைகளுடன் மாணவர் விடுதிகளையும் ஆசிரியர் வீடுகளையும் சேர்த்தே வகுத்தது. ஆசிரியன் மாணவர்களுக்கு அருகில் வாழ்ந்தாலன்றிக் கல்வி முழுமை பெறாது என்பதை அந்த ஸ்தாபனத்தார் உணர்ந்திருந்தனர். ரயிலை ஓட்டுகிறவனுக்கு வீடு அவசியம் என்றால், ஊரை ஓட்டுகிறவனுக்கு மட்டும் அஃது அநாவசியமா?

வாடகைப்படி கொடுக்கிறோமே என்று சர்க்கார் பதிலுரைக்கலாம். அப்பதிலைச் சற்று ஆராய்வோம். 2017-ம் வருஷத்து ஊதியத் திருத்தத்தில் ராஜ்ய சர்க்கார் வாடகைப்படியைச் சம்பள அடுக்குக்கேற்ற நிலையான ரூபாய்த் தொகைகளாக வகுத்தது. தொகை நிலையாக நிற்கிறது; வீட்டுக்காரர் கேட்கும் குடிக்கூலி நிற்கிறதா? படி உயர்ந்தாலும், வீடுகளின் எண்ணிக்கை பெருகாதவரை, அது சிப்பந்தியின் கை வழியே வீட்டுக்காரரின் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

படி பெறுகிறவர் நிலை இதுவானால், அதுவும் இல்லாதவர் நிலை யாது? ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-ம் வருஷத்தில் சர்க்கார் ஊழியராயினர். ஆனால் 2012-ம் வருஷத்தில் பகுதி நேர ஆசிரியர்களாக எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர்க்கு அன்று நிர்ணயிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய்தான். பிற்பாடு அது சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. எனினும் புறநகரில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட வீட்டுக்குக் குடிக்கூலி கொடுத்தபின் மிஞ்சுவதென்ன என்பதை வாசகர்களே கணக்கிடலாம். ஒப்பந்தக்காரரின் கீழ் குப்பை வாரும் தொழிலாளியின் பாடு இதனினும் இழிந்தது. சர்க்கார் ஊழியருக்கென்று நகரத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளின் கதவு அவருக்குத் திறவாது. ஏனெனில் அவர் செய்வது ஊரின் வேலையாயினும், ஏட்டில் அவர் ஊரின் ஊழியரல்லர்.

கடன் தருகிறோம், வீட்டைக் கட்டிக்கொள்ளட்டும் என்பது மற்றொரு பதில். வீட்டைக் கட்டிப் பார் என்று நம் பெரியோர் எச்சரித்தது காரணமின்றியன்று. மனை வாங்க வலியுள்ளவனுக்கே கடன் துணை செய்யும். 1961-ம் வருஷத்தில் ஏற்பட்ட வீட்டு வசதி வாரியம் எத்தனையோ வீடுகளைக் கட்டி விற்றிருக்கிறது. ஆனால் விற்ற வீடு ஒரு குடும்பத்துக்கு ஒரு முறை உதவும். அதன்பின் சந்தைச் சரக்காகிவிடும். அடுத்து வரும் ஊழியனுக்கு அதனால் பயனில்லை. ஆதலின் நாம் வேண்டுவது விற்பனை வீடுகளல்ல. மாநகராட்சிக்கே என்றென்றும் சொந்தமாயிருந்து, பணியிலிருப்போருக்கு வருமானத்துக்கேற்ற குடிக்கூலிக்கு விடப்படும் வீடுகளே வேண்டும். பணி முடிந்தவர் வேறிடம் தேடிக்கொள்ள நியாயமான அவகாசம் பெற்று, வீட்டைப் பின்வருவோனுக்கு ஒப்புவித்துச் செல்ல வேண்டும்.

2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ரிப்பன் மாளிகை முன் துப்புரவுத் தொழிலாளர் பல நாள் போராடிக் கலைக்கப்பட்டபின், வீடற்ற துப்புரவுத் தொழிலாளர்க்கு மூன்று வருஷங்களில் 30,000 வீடுகள் கட்டித் தரப்படும் என்று ராஜ்ய மந்திரி சபை அறிவித்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆட்சிப் பீடத்தில் எந்தக் கட்சி இருப்பினும் அது சர்க்காரின் வாக்கு, காப்பாற்றப்படவேண்டிய வாக்கு. ஆயினும் அவ்வீடுகள் எங்கே அமையும் என்பதே இப்போது கேட்கத்தக்க கேள்வி. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஏழைகளுக்கு வீடு கொடுத்து, வேலையைப் பல மைல்களுக்கு அப்பால் விட்டுவந்த கதையை நாடறியும். விடியற்காலையில் துடைப்பம் பிடிக்கவேண்டியவளை ஊருக்கு வெகு தொலைவில் குடியேற்றினால், அவள் நள்ளிரவில் எழவேண்டும். அல்லது வேலையை இழக்கவேண்டும். ஆகவே தாம்பரத்து ஊழியருக்குரிய பங்கு தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே அமையவேண்டும்.

இடமெங்கே என்பர். ஏரியைக் காட்டி இடமென்று சொல்லலாகாது. 2015-ம் வருஷம் டிசம்பரில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் வெள்ளத்தில் மூழ்கியதை எவரும் மறந்திரார். பீர்க்கன்கரணை ஏரியின் ஒரு முழ நிலமும் எந்த நற்காரியத்தின் பெயராலும் பறிபோகக் கூடாது. ஆனால் பத்து ஸ்தல ஸ்தாபனங்கள் ஒன்றான இடத்தில் பழைய ஆபீஸ்கள், கிடங்குகள், பயன்படாக் கட்டடங்கள் யாவும் ஒரே கணக்கில் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் நீர்நிலை சாராதவை எவை, வீடு கட்டத் தகுந்தவை எவை என்று ஜாபிதா எடுத்து ஜனங்கள் முன் வைப்பதில் மாநகராட்சிக்குச் செலவென்ன?

பணமெங்கே என்போருக்கு வியன்னா நகரம் விடையளிக்கிறது. முதல் உலக யுத்தத்தில் சாம்ராஜ்யத்தை இழந்து, பஞ்சத்தில் வாடிய அந்நகரின் நகரசபை, 1923-ம் வருஷத்தில் வீட்டு வரியொன்று விதித்தது. பெரிய மாளிகைக்குப் பெரிய வரி, சிறு வீட்டுக்குச் சிறு வரி என்று வகுத்து, 1934-ம் வருஷத்துக்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைத் தொழிலாளர்க்கென எழுப்பியது. நமது மாநகராட்சிக்கு அத்தகைய வரிச் சுதந்திரம் இல்லை என்பது மெய்யே. எனவே நிலத்தை மாநகராட்சியும், கட்டும் முதலை ராஜ்ய சர்க்காரும் தரட்டும். சர்க்கார் வீட்டில் குடியிருப்போருக்கு வாடகைப்படி கொடுக்கவேண்டியதில்லையாகையால் அந்த மிச்சமும் உண்டு. வரும் குடிக்கூலியைத் தனி நிதியாக வைத்துப் பழுது பார்க்கவும் புதிது கட்டவும் செலவிட்டால், ஒரு முறை இட்ட முதல் பல தலைமுறைக்குப் பயன் தரும்.

ஸ்தல சுயாட்சி பற்றி ரிப்பன் பிரபு 1882-ம் வருஷத்தில் தீர்மானம் செய்தார். சுதந்திர பாரதம் 1992-ம் வருஷத்தில் அரசியல் சாசனத்தைத் திருத்தி நகரசபைகளுக்கு அதில் இடமளித்தது. தன் ஊழியனுக்கு நிழல் தர இயலாத சுயாட்சி பெயரளவில் சுயாட்சியேயன்றி வேறன்று. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் இரண்டு காரியங்கள் நடந்தேறவேண்டும். ஒன்று, நிரந்தரம் ஒப்பந்தம் என்ற பேதமின்றி, ஊர் ஊழியரிலும் பள்ளி ஊழியரிலும் வீடற்றவர் எத்தனை பேர் என்ற கணக்கு. மற்றொன்று, மேற்சொன்ன நிலங்களின் ஜாபிதா. இவ்விரண்டும் கையில் இருந்தால் முதல் நூறு வீடுகளுக்கு அஸ்திவாரமிடத் தடையில்லை. குறைந்த ஊதியத்தினருக்கே முதலில் சாவி கிடைக்கவேண்டும். பீர்க்கன்கரணை முதல் பல்லாவரம் வரையுள்ள தேச ஊழியர்கள் தத்தம் வார்டில் கூட்டம் கூட்டி இக்கோரிக்கையை மாமன்றத்தின் முன் வைப்பார்களாக. கேளாத உரிமை தானே வந்து கதவைத் தட்டியதாகச் சரித்திரமில்லை.